பாய்வதற்கு முன் கொஞ்சம் நில்லுங்க மக்களே!

டோட்டல் வார் ஆடும் பலரிடம் ஒரு பொதுவான வியாதி இருக்கிறது. போர்க்களம் லோடு ஆகி முடிந்ததும் கை தானாக கன்ட்ரோல் ஏ அழுத்தும். மொத்தப் படையும் செலக்ட் ஆகும். எதிரி நிற்கும் பக்கமாக மவுஸை வைத்து ரைட் சைடில் ரெண்டு தட்டு, அவ்வளவுதான். படை ஓடத் தொடங்கிவிடும். ஆட்டக்காரர் சேரில் சாய்ந்துகொண்டு ஒரு வாய் டீ குடிப்பார். அஞ்சு நிமிஷம் கழித்து ஸ்க்ரீன் முழுக்க வெள்ளைக் கொடி. அப்புறம் என்ன? "கம்ப்யூட்டர் ஏமாத்துது", "ரோமன் காலாட்படை வேஸ்ட்", "இந்த கேமில் குதிரை மட்டும்தான் ஜெயிக்கும்" என்று ஒரு புலம்பல்.

கம்ப்யூட்டர் ஏமாற்றவில்லை ஐயா. ஓட வேண்டாத நேரத்தில் ஓட விட்டது யார்?

காலாட்படையை எப்போது பாய விடுவது, எப்போது வரிசை கலையாமல் நிறுத்துவது என்ற கேள்விக்கு இந்த ஆட்டங்களை ஆடுகிற கூட்டத்தில் பெரும்பான்மையோர் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்: பாய்! முதலில் பாய்கிறவனுக்கு சார்ஜ் போனஸ் கிடைக்கும், நிற்கிறவனுக்குக் கிடைக்காது, ஆகவே பாய்கிறவனே ஜெயிப்பான். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. இதோடு விட்டாலும் பரவாயில்லை. படையை நிறுத்தி வைத்து ஆடுகிறவனுக்கு ஒரு பட்டமும் கொடுப்பார்கள்: பயந்தாங்கொள்ளி. மல்டிப்ளேயரில் மேட்டின் மேல் அமைதியாக வரிசை போட்டு நிற்பவனைப் பார்த்து "வாடா கீழே, ஆம்பளையா இருந்தா வா" என்று டைப் அடிக்கும் வீரர்களுக்குக் குறைவே இல்லை. (அவன் ஏன் இறங்கி வர வேண்டும்? மேடு அவனுடையது!)

இந்தப் பாய்ச்சல் கட்சியின் கணக்கு தப்பு. எங்கே தப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சார்ஜ் போனஸ் என்பது சம்பளம் இல்லை, போனஸ்!

பெயரிலேயே இருக்கிறது. காமர்ஸ் படிக்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும். மாதாமாதம் வருவது சம்பளம். தீபாவளிக்கு ஒரு தடவை வருவது போனஸ். போனஸை நம்பி வீட்டு வாடகைக்கு ஒப்பந்தம் போடுகிறவன் தை மாதம் தெருவில் நிற்பான்.

ஆட்டத்திலும் இதே கதைதான். மோதுகிற கணத்தில் தாக்கும் வலு கூடும். ரோம் 2 (2013), வார்ஹாமர் (2016) போன்ற பிந்தைய ஆட்டங்களில் அந்தக் கூடுதல் வலு மோதிய சில நொடிகளிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து காணாமல் போய்விடும். அதற்குப் பிறகு நடப்பது எல்லாம் சாதாரணக் கைகலப்பு. அங்கே எது பேசும்? கவசம், பயிற்சி, மன உறுதி, எவ்வளவு களைப்பு, பக்கவாட்டில் யார் நிற்கிறார்கள் என்பவைதான் பேசும்.

இப்போது செலவுப் பக்கத்தைப் பாருங்கள். களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினால் படை களைத்துப் போகும். ரோம்: டோட்டல் வாரில் (2004) இதைப் படிப்படியாகவே காட்டுவார்கள்: புத்துணர்ச்சியாக இருக்கும் படை மூச்சு வாங்கி, களைத்து, கடைசியில் துவண்டு போகும் நிலைக்கு இறங்கும். கவசம் கனமாக இருந்தால் சீக்கிரம் இறங்கும். மேட்டில் ஏற வேண்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஆக, சில நொடி வரவுக்காக மொத்தச் சண்டைக்கும் நீடிக்கும் ஒரு கடனை வாங்குகிறார் ஆட்டக்காரர். வரவு தீர்ந்த பிறகும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு செலவும் உண்டு. எல்லோரும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. இலகுவான படை முன்னால் போய்விடும், கனமான படை பின்தங்கும். எதிரியின் வரிசை ஒன்றாக நிற்கிறது, வருகிறவர்கள் தவணை முறையில் வந்து சேருகிறார்கள். தவணையில் வந்தவர்களைத் தவணையிலேயே தீர்த்துக் கட்டுகிறான் எதிரி. ஆயிரம் பேர் ஆயிரம் பேரோடு மோதியது போலத் தெரியும். உண்மையில் நடந்தது முந்நூறு பேர் ஆயிரம் பேரோடு மூன்று தடவை மோதியது.

"சீசரே சொல்லியிருக்கார்!"

பாய்ச்சல் கட்சியில் கொஞ்சம் சரித்திரம் படித்தவர்களும் உண்டு. அவர்களுடைய பிரம்மாஸ்திரம் ஃபார்சாலஸ். கி.மு. 48, ஆகஸ்ட் 9. சீசருக்கும் பாம்பேக்கும் நடந்த பெரும் போர். பாம்பே தன் காலாட்படையை நகராமல் நின்று சீசரின் பாய்ச்சலை வாங்கிக்கொள்ளச் சொன்னார். சீசரின் ஆட்கள் இரண்டு மடங்கு தூரம் ஓடி வந்து களைத்துப் போவார்கள் என்பது அவர் கணக்கு. பாம்பே தோற்றார். பின்னாளில் சீசர் தன் உள்நாட்டுப் போர் நூலில், பாம்பே செய்தது தவறு, பாயும்போது வீரனுக்கு இயல்பாகவே ஒரு உத்வேகம் பிறக்கிறது, தளபதி அதை வளர்க்க வேண்டுமே தவிர அடக்கக் கூடாது என்ற கருத்தை எழுதி வைத்தார்.

"பாத்தீங்களா? நின்றவன் தோத்தான், பாய்ந்தவன் ஜெயிச்சான். கேஸ் க்ளோஸ்!" என்பார்கள்.

கேஸ் க்ளோஸ் ஆகவில்லை சாமி. அதே நூலில் அதே போரைப் பற்றி சீசர் எழுதியிருக்கும் மற்ற விஷயங்களையும் படிக்க வேண்டும்.

முதல் விஷயம். சீசரின் வீரர்கள் ஓடி வந்தார்கள். எதிர்ப்பக்கம் யாரும் நகரவில்லை என்று பார்த்தார்கள். உடனே யாரும் உத்தரவிடாமலேயே பாதி தூரத்தில் நின்றார்கள். மூச்சு வாங்கினார்கள். வரிசையைச் சரி செய்துகொண்டார்கள். பிறகுதான் மறுபடி ஓடி, எறியீட்டியை வீசி, வாளை உருவினார்கள். பல வருடப் போர் அனுபவம் அந்தக் கால்களை நிறுத்தியது. அதாவது பாம்பே எதிர்பார்த்த களைப்பு உண்மையான ஆபத்துதான். சீசரின் ஆட்கள் அதிலிருந்து தப்பித்ததே நின்றதால்தான்! நிற்காமல் அந்த முழுத் தூரத்தையும் ஒரே மூச்சில் ஓடியிருந்தால் பாம்பேயின் கணக்கு பலித்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இரண்டாவது விஷயம். அன்றைக்குப் போரைத் தீர்மானித்தது முன்வரிசையின் பாய்ச்சல் இல்லை. சீசர் சொல்லும் எண்ணிக்கைப்படி பாம்பேயிடம் 7,000 குதிரை வீரர்கள், சீசரிடம் 1,000 பேர். அந்தக் குதிரைப்படை பக்கவாட்டில் வந்து கவிழ்க்கும் என்று சீசருக்குத் தெரியும். ஆகவே மூன்றாம் வரிசையிலிருந்து ஆறு கோஹார்ட்டுகளைப் பிரித்தெடுத்து, வலப்பக்கத்தில் நான்காவது வரிசையாக நிறுத்தினார். சைகை வரும்வரை நகரக் கூடாது என்று உத்தரவு. பாம்பேயின் குதிரைகள் சீசரின் குதிரைகளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது சைகை கொடுத்தார். அந்த ஆறு கோஹார்ட்டுகள் பாய்ந்தன. குதிரைப்படை சிதறி ஓடியது. அதே வேகத்தில் அவர்கள் பாம்பேயின் இடப்பக்கத்தைச் சுற்றி வளைத்தார்கள். அதே நேரத்தில், அதுவரை சண்டையில் இறங்காமல் புத்துணர்ச்சியோடு நின்ற மூன்றாம் வரிசையையும் முன்னால் விட்டார் சீசர். முடிந்தது கதை.

பாய்ச்சலைப் புகழ்ந்து எழுதிய அதே சீசர், தன் படையின் கணிசமான பகுதியை நிறுத்தி வைத்துத்தான் ஜெயித்தார். கன்ட்ரோல் ஏ அழுத்தவில்லை!

துரத்தினால் போச்சு

அடுத்தது, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துத் துரத்துகிற வியாதி. 1066, அக்டோபர் 14, ஹேஸ்டிங்ஸ். மன்னர் ஹரால்டின் ஆங்கிலேயர்கள் மேட்டின் மேல் கேடயச் சுவர் கட்டி நின்றார்கள். நார்மன் குதிரைகளும் காலாட்களும் மேலேறி வந்து முட்டி முட்டித் திரும்பினார்கள். சுவர் அசையவில்லை. பிறகு நார்மன் படையின் ஒரு பக்கம் உடைந்து ஓடியது. எதிரே இருந்த ஆங்கிலேயர்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. சுவரை விட்டு இறங்கித் துரத்தினார்கள். சமதரையில் சிதறி நின்ற அவர்களைக் குதிரைகள் வளைத்து வெட்டிச் சாய்த்தன. அதன் பிறகு நார்மன்கள் வேண்டுமென்றே ஓடுவது போல நடித்து இன்னும் பலரை இறக்கினார்கள் என்றும் அந்தக் கால வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மாலைக்குள் சுவர் மெலிந்தது, ஹரால்டும் இறந்தார்.

ரோம்: டோட்டல் வாரில் கார்ட் மோட் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதைப் போட்டால் படை வரிசையைக் காக்கும், ஓடுகிறவனைத் துரத்தாது. பாய்ச்சல் கட்சிக்காரர்கள் பலர் அந்தப் பட்டனை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. ஹரால்டிடம் அந்தப் பட்டன் இல்லை. இவர்களிடம் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

ஃபாலங்ஸ் ஆடுகிறவர்கள் இதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். நீண்ட ஈட்டி வரிசையின் மொத்த பலமும் அது வரிசையாக இருப்பதில் இருக்கிறது. கி.மு. 168, பிட்னா. மாசிடோனிய மன்னர் பெர்சியஸின் ஃபாலங்ஸ் ரோமானியர்களைத் தள்ளிக்கொண்டே முன்னேறியது. சமதரையில் அதை நிறுத்த ரோமானியர்களால் முடியவில்லை. ஆனால் முன்னேறி முன்னேறி மேடுபள்ளமான தரைக்குப் போனதும் ஈட்டி வரிசையில் இடைவெளிகள் விழுந்தன. ரோமானியத் தளபதி எமிலியஸ் பவுலஸ் சின்னச் சின்னக் குழுக்களை அந்த ஓட்டைகளுக்குள் விட்டார். கிட்டே வந்துவிட்டவனை நீண்ட ஈட்டியால் என்ன செய்ய முடியும்? சண்டை மொத்தமே ஒரு மணி நேரம்தான் என்கிறார்கள். தள்ளிக்கொண்டே போனதில்தான் அந்த ஃபாலங்ஸ் அழிந்தது.

சரி, அப்ப நின்னுக்கிட்டே இருந்தா ஜெயிச்சிரலாமா?

அதுதான் இல்லை. எதிர்க்கட்சியும் ஒன்று இருக்கிறது. அவர்கள் பெயர் நிற்போர் சங்கம். மூலையில் போய் ஒரு பெட்டி வியூகம் போடுவார்கள், எல்லாவற்றுக்கும் கார்ட் மோட் போடுவார்கள், எதிரி வந்து தானாகச் சாவான் என்று காத்திருப்பார்கள். எதிரியிடம் வில்லும் கவணும் இல்லாத வரை இது வேலை செய்யும். இருந்தால்?

கி.மு. 53, கார்ஹே. கிராசஸ் தன் ரோமானியக் காலாட்படையைச் சதுரமாக நிறுத்தினார். பார்த்தியக் குதிரை வில்லாளர்கள் சுற்றி வந்து அம்பு மழை பொழிந்தார்கள். அம்பு தீரட்டும் என்று காத்திருந்தார் கிராசஸ். தீரவில்லை. ஒட்டகங்களில் மூட்டை மூட்டையாக அம்பு வந்துகொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல் தன் மகன் பப்ளியஸை ஒரு பகுதிப் படையோடு பாய்ந்து விரட்டச் சொன்னார். பார்த்தியர்கள் பின்வாங்குவது போல இழுத்துக்கொண்டு போய், மறைவில் மொத்தமாகச் சூழ்ந்து அந்தப் பகுதியை அழித்தார்கள். நின்றதும் தப்பு, பாய்ந்ததும் தப்பு! குதிரை வில்லாளனைக் கால்நடையாகத் துரத்திப் பிடிக்கவும் முடியாது, அவன் அம்புக்கு முன்னால் காலவரையின்றி நிற்கவும் முடியாது. அங்கே தேவைப்பட்டது சரியான தரையும் சரியான துணைப்படையும். அவை இல்லாமல் சமவெளிக்குள் இறங்கியபோதே பாதித் தோல்வி.

மாறாக, மராத்தானைப் பாருங்கள். கி.மு. 490. ஏதென்ஸ் வீரர்கள் பாரசீகப் படையை நோக்கி எட்டு ஸ்டேடியம், அதாவது ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் ஓடியே பாய்ந்தார்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ். அவ்வளவு கனத்தைச் சுமந்துகொண்டு முழுத் தூரமும் ஓடியிருக்க முடியாது, அம்பு எட்டும் கடைசிப் பகுதியில்தான் ஓடியிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். எப்படியானாலும் காரணம் தெளிவு. பாரசீகர்களிடம் வில் இருந்தது, கைகலப்பில் ஏதென்ஸ்காரர்கள் பலசாலிகள். நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் எதிரிக்கு லாபம், நெருங்குகிற ஒவ்வொரு அடியும் இவர்களுக்கு லாபம். அப்படிப்பட்ட இடத்தில் பாயத்தான் வேண்டும். அதிலும் ஜெயித்த இரண்டு பக்கப் படைகளும் ஓடியவர்களைத் துரத்தவில்லை. திரும்பி, உடைந்து போயிருந்த தங்கள் நடுப்பகுதியை நோக்கி வந்து அங்கிருந்த எதிரியை முடித்தார்கள். பாய்ந்தார்கள், ஆனால் கட்டுப்பாட்டோடு.

1815 வாட்டர்லூவும் இதைத்தான் சொல்கிறது. மார்ஷல் நேயின் குதிரைப்படைக்கு எதிராக பிரிட்டிஷ் காலாட்படை சதுரம் போட்டு நின்றது, குதிரைகளால் ஒன்றும் பண்ண முடியவில்லை. ஆனால் அதே சதுரத்தின் மேல் பீரங்கிக் குண்டு விழுந்தால் கொத்துக் கொத்தாகச் சாவு. கடைசியில் நெப்போலியனின் காவல்படை மேடேறி வந்தபோது, பிரிட்டிஷ் கார்ட்ஸ் படுத்துக் காத்திருந்து, கிட்டே வந்ததும் எழுந்து சுட்டு, பிறகுதான் துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்தது. காத்திரு, சுடு, குறுகிய தூரம் பாய். வரிசைக்கிரமம் அதுதான்.

ஆக, எப்போது பாய்வது?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம்.

ஒன்று, ஈட்டிக்காரன் நிற்க வேண்டும், வாள்காரன் கடைசி நேரத்தில் பாய வேண்டும். ரோம் 2 போன்ற ஆட்டங்களில் சில ஈட்டிப் படைகள் அசையாமல் காலூன்றி நின்றால் முன்பக்கமாக வருகிறவனின் சார்ஜ் போனஸையே செல்லாக்காசு ஆக்கிவிடும். அவர்களை ஓட விடுவது அந்தத் திறமையைக் குப்பையில் போடுவது. வாள், கோடரிப் படைகளுக்கு அந்தத் திறமை கிடையாது. அவை வெறுமனே நின்று அடி வாங்கினால் நஷ்டம். ஆகவே எதிரி கிட்டே வரும்வரை நிறுத்தி, கடைசிச் சில அடிகளில் எதிர்ப்பாய்ச்சல். எதிரி முழுத் தூரம் ஓடிக் களைத்திருப்பான், இவர்கள் நாலு எட்டு வைத்திருப்பார்கள். போனஸ் இருவருக்கும், களைப்பு ஒருவருக்கு!

இரண்டு, கையில் எறியீட்டி இருந்தால் முதலில் அதைத் தீர்க்க வேண்டும். ஹஸ்டாட்டி போன்ற படைகளுக்கு இது பொருந்தும். எறியாமல் மோத விடுவது, காசு கொடுத்து வாங்கிய பொருளைக் கடையிலேயே வைத்துவிட்டு வருவது போல.

மூன்று, எதிரியிடம் தூரத்து ஆயுதம் அதிகம் என்றால் காத்திருக்கக் கூடாது. நடந்து போய் நெருங்க வேண்டும், கடைசியில்தான் ஓட வேண்டும்.

நான்கு, எதிரி ஏற்கெனவே வேறு ஒருவனோடு கட்டிப் புரளும்போது அவன் பக்கவாட்டிலோ முதுகிலோ பாய வேண்டும். காலாட்படையின் பாய்ச்சலுக்கு முழு மதிப்பு கிடைக்கும் இடம் இதுதான். அதற்கு முன்னால் யாராவது நின்று அவனைப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

ஐந்து, ஒரு பகுதியாவது கையிருப்பில் இருக்க வேண்டும். கையிருப்பு இல்லாத படை, ரொக்கம் இல்லாத கடை மாதிரி. லாபம் எவ்வளவு காட்டினாலும் ஒரு நாள் மூடிவிடும்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022ல் வந்த இந்திய ராஜ்ஜியங்களுக்கான விரிவாக்கத்தில் திராவிடர்களுக்கு உறுமி வாள்வீரன் என்று ஒரு காலாள் கொடுத்தார்கள். நம்மூர் சுருள்வாள்தான். அவனுடைய முதல் வீச்சு சேமித்து வைத்த சக்தியோடு விழும், சுற்றி நிற்பவர்களையும் சேர்த்து வெட்டும். ஆனால் ஒரு தடவை விழுந்த பிறகு மறுபடி சேமிக்க நேரம் ஆகும். பாய்ச்சல் என்பது சேமிப்பு, கண்டபடி எடுத்துச் செலவு செய்யக் கூடாது என்பதை இதைவிடப் பச்சையாகச் சொல்ல முடியாது.

கடைசியாக

"சும்மா கேம்தானே, இதுக்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்கலாம். ரோம்: டோட்டல் வாரில் ஒரு படையைத் திரட்டினால் அந்த ஊரின் மக்கள்தொகை அத்தனை பேரால் குறையும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. போரில் செத்த இடத்தை நிரப்ப மறுபடி ஊருக்குத்தான் வர வேண்டும். ஆள் ஊரிலிருந்துதான் போகிறான் என்பதை ஒரு சாதாரணக் கம்ப்யூட்டர் விளையாட்டு ஞாபகம் வைத்திருக்கிறது. கன்ட்ரோல் ஏ அழுத்துகிறவர்தான் மறந்துவிடுகிறார். "ஜெயிச்சாச்சு" என்று வருகிற ஸ்க்ரீனுக்குக் கீழே செத்தவர் கணக்கு ஒன்று வரும். அதைப் பார்க்காமலே அடுத்து தட்டிவிட்டுப் போகிறார்கள். எபிரஸ் மன்னர் பிர்ரஸ் கி.மு. 279ல் அஸ்குலத்தில் ஜெயித்தார். ஜெயித்தே நொடிந்து போனார். அவர் பெயர் இன்றைக்கும் நஷ்டமான வெற்றிக்குத்தான் உதாரணம்.

ஓடுகிற வீரனுக்கு மூச்சு வாங்கும். தட்டுகிற விரலுக்கு வாங்காது. இந்த வித்தியாசத்தை மறக்காதவன்தான் தளபதி. நிற்கிறவனைப் பயந்தாங்கொள்ளி என்பவர்கள் குறளில் காலமறிதல் அதிகாரத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். ஊக்கம் உடையவன் காலம் பார்த்து ஒடுங்கி இருப்பதற்கு, தாக்குவதற்காகப் பின்வாங்கும் சண்டைக் கிடாவைத்தான் உவமையாகச் சொல்கிறார் வள்ளுவர். கிடாவைப் பார்த்து யாரும் கோழை என்று சொல்வதில்லை, முட்டு வாங்கியவன் நிச்சயம் சொல்லமாட்டான்.

பதறாத காரியம் சிதறாது. பாயுங்கள் மக்களே, தாராளமாகப் பாயுங்கள். ஆனால் அடுத்த தடவை களம் லோடு ஆனதும் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்த ரெண்டு விரலையும் கன்ட்ரோல் ஏ மேலிருந்து எடுத்துவிட்டு எதிரே யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

டிஸ்கி: மேலே சொன்னது எல்லாம் காலாட்படைக்கு மட்டும். குதிரையை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்து அடி வாங்கிவிட்டு இங்கே வந்து சண்டை போடக் கூடாது!